டாக்வுட் என்னும் மரக்குலம்

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஏப்பிரல் திங்கள் பிறந்ததும் காடு புதுக்கோலம் கொள்ளும். ஓக், மேப்பிள் முதலிய பெருமரங்கள் இன்னும் நிழல் தரும் அளவுக்குத் தழைத்திரா. அவற்றின் அடியில், இருபது முப்பது அடி உயரமே உள்ள சிறு மரங்கள் கிளைதோறும் வெண்மலர் போர்த்து நிற்கும். தொலைவிலிருந்து நோக்குவார்க்கு வெண்முகில் ஒன்று காட்டினுள் இறங்கித் தங்கியது போலத் தோன்றும். இம்மரத்தை அந்நாட்டார் டாக்வுட் என்று அழைக்கின்றனர்.

விர்ஜீனியா மாநிலம் 1918ஆம் ஆண்டில் இதன் மலரைத் தன் மாநில மலராக ஏற்றது. வட கரோலினா 1941இல் ஏற்றது. மிசூரி மாநிலம் 1955இல் இதனைத் தன் மாநில மரமாக ஏற்றது. ஜப்பான் நாட்டார் 1912இல் வாசிங்டன் நகருக்குச் செர்ரி மரங்களை அன்பளிப்பாக அனுப்பினர். அதற்குக் கைம்மாறாக 1915இல் அமெரிக்கர் அனுப்பிய மரமும் இதுவே.

டாக்வுட் என்பது ஒரே மரத்தின் பெயர் அன்று; அது ஒரு பெருங்குலத்தின் பெயர். ஏறத்தாழ ஐம்பது அறுபது இனங்கள் அக்குலத்தில் அடங்கும். அவற்றுள் நெடிய மரங்கள் உண்டு. ஆற்றங்கரையில் அடர்ந்து வளரும் புதர்கள் உண்டு. ஒரு சாண் உயரமும் வளராத சிறு செடியும் உண்டு. தோற்றத்தால் இத்துணை வேறுபட்டவற்றை ஒரே குலம் என்று அறிஞர் எவ்வாறு துணிந்தனர்? அவற்றுள் ஒன்றை மற்றொன்றினின்று எவ்வாறு பிரித்தறிகின்றனர்? இவற்றை இப்பாடத்தில் காண்போம்.

பெயரும் குலமும்

டாக்வுட் என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்தால் 'நாய்க்கட்டை' என்று பொருள்படும். நாயின் சாயல் எதுவும் இம்மரத்தில் இல்லை. பெயரை மட்டும் கொண்டு மரத்தை அறியலாம் என்று எண்ணுவோர் ஏமாறுவர். ஜமைக்கா டாக்வுட் என்று ஒரு மரம் உண்டு. அது அவரை, துவரை முதலியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பட்டையை நீரில் இட்டு மீன்களை மயக்கிப் பிடிப்பது அப்பகுதி மக்களின் பழைய வழக்கம். தொட்டால் தோலில் கொப்புளம் உண்டாக்கும் நச்சுச் சுமாக் என்னும் செடிக்கும் 'நச்சு டாக்வுட்' என்று ஒரு பெயர் வழங்கியது. இவ்விரண்டும் நாம் கூறும் டாக்வுட்டுக்கு உறவல்ல.

இத்தகைய குழப்பம் நேராதிருத்தற்கே செடிநூலார் ஒவ்வொரு குலத்திற்கும் உலகெங்கும் பொதுவான ஒரு பெயரை வைத்துள்ளனர். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலில் இக்குலத்திற்குக் 'கார்னஸ்' என்று பெயரிட்டார். இலத்தீன் மொழியில் கொம்பைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது இப்பெயர். இம்மரத்தின் கட்டை விலங்கின் கொம்பு போலக் கடினமானது. நெசவாலைகளில் ஓடும் நாடாவை நெடுங்காலம் இக்கட்டையால் செய்தனர். எத்துணை விரைவாக ஓடினும் இது தேய்ந்து சொரசொரப்பாவதில்லை. ஆதலால் நூல் அறுவதில்லை.

அறிஞரும் ஏமாந்த மரம்

மரங்களை அறிவதில் தேர்ந்தவரும் சிற்சில வேளை தவறுவர். டேவிட் டக்ளஸ் என்பவர் ஸ்காட்லாந்து நாட்டில் பிறந்தவர். புதிய செடிகளைத் தேடி உயிரையும் பொருட்படுத்தாது காடுகளில் அலைந்தவர். அவர் 1825ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேற்குக் கரையில், கொலம்பியா ஆற்றுப் பகுதிக்குச் சென்றார். அங்கும் வெண்மலர் போர்த்த மரங்கள் நின்றன. அவற்றைக் கண்ட டக்ளஸ், கிழக்குக் கரையில் உள்ள டாக்வுட்டே இங்கும் வளர்கிறது என்று கருதிவிட்டார்.

சில ஆண்டுகளுக்குப் பின், 1834இல் தாமஸ் நட்டால் என்னும் அறிஞர் அப்பகுதியை அடைந்தார். அவர் அதே மரத்தைக் கண்டு, அது வேறோர் இனம் என்று உணர்ந்தார். கிழக்குக் கரை மரத்தில் பூவைச் சூழ்ந்துள்ள வெண்ணிற மடல்கள் நான்கே. ஒவ்வொன்றின் நுனியிலும் கடித்து எடுத்தாற்போல ஒரு சிறு பள்ளம் உண்டு. மேற்குக் கரை மரத்திலோ மடல்கள் பெரும்பாலும் ஆறு இருக்கும்; நுனியில் அப்பள்ளம் இராது. காட்டுப் புறாக்கள் அதன் கனியை விரும்பி உண்பதையும் நட்டால் கண்டார். பறவை ஓவியத்தில் புகழ்பெற்ற ஆடபான், அப்புறாக்களை இம்மரக் கிளையின்மீது அமர்ந்த வண்ணமாகவே வரைந்தார். மரத்திற்கும் நட்டாலின் பெயரையே சூட்டினார். இன்றும் அதன் பெயர் கார்னஸ் நட்டாலி. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் 1956இல் அதன் மலரைத் தன் மலராக ஏற்றது.

டக்ளஸ் கண்டதையே நட்டாலும் கண்டார். ஒருவருக்கு வெண்மை மட்டும் தெரிந்தது. மற்றவருக்கு வேறுபாடு தெரிந்தது. மரத்தை அறிதல் என்பது கண்ணுக்கு முதலில் படும் அடையாளத்தோடு நின்றுவிடாமல், பல அடையாளங்களையும் ஒருங்கே வைத்து நோக்குதலாகும்.

இலை கூறும் செய்தி

பூ சில நாட்களில் உதிர்ந்துவிடும். இலையோ பல திங்கள் நிற்கும். ஆதலின் டாக்வுட்டை அறிய விரும்புவோர் முதலில் அதன் இலையை நோக்க வேண்டும். இலையில் நான்கு அடையாளங்கள் உள.

முதலாவது, இலை அமைந்துள்ள முறை. எருக்கஞ்செடியில் ஒரு கணுவில் இரண்டு இலைகள் எதிரெதிராக அமைந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். இதனை எதிரிலை அமைவு என்பர். பூவரசில் கணுவுக்கு ஓர் இலையாக மாறி மாறி அமைந்திருக்கும். இது மாற்றிலை அமைவு. டாக்வுட் பெரும்பாலும் எதிரிலை அமைவு உடையது. கிழக்கு அமெரிக்கக் காட்டு மரங்களுள் மேப்பிள், ஆஷ், ஹார்ஸ் செஸ்ட்நட், டாக்வுட் முதலிய சிலவே எதிரிலை உடையவை. ஆதலால் இவ்வொன்றை நோக்கினாலே மிகப் பல மரங்களை விலக்கிவிடலாம்.

இரண்டாவது, இலையின் விளிம்பு. டாக்வுட் இலையின் விளிம்பில் அரம் போன்ற பற்கள் இல்லை. அது வெட்டுப்படாது ஒரே வரையாக ஓடும்.

மூன்றாவது, நரம்பு ஓடும் வகை. நடுநரம்பினின்று பிரியும் பக்க நரம்புகள் விளிம்பிற்குச் சென்று முட்டுவதில்லை. விளிம்பை ஒட்டியே வளைந்து இலையின் நுனியை நோக்கிச் செல்லும். வெற்றிலையின் நரம்புகள் நுனி நோக்கி வளைவதை நினைவிற் கொண்டால் இதனை ஒருவாறு உணரலாம்.

நான்காவது அடையாளம் வியப்பைத் தருவது. டாக்வுட் இலையை இரு கைகளாலும் பிடித்து, குறுக்கே மெல்லக் கிழித்துச் சிறிது விலக்கினால், இரு துண்டுகளும் உடனே பிரிந்துவிடமாட்டா. மேலே உள்ள துண்டைப் பற்றினால், கீழே உள்ள துண்டு கண்ணுக்குப் புலப்படாத கயிற்றில் கட்டியது போல ஊசலாடும். உற்று நோக்கினால் சிலந்தி நூலினும் மெல்லிய வெண்ணிற இழைகள் இரண்டையும் இணைத்து நிற்பது தெரியும். தாமரைத் தண்டை ஒடித்து இழுக்கும்போது நூல் வருவதை நாம் அறிவோம். இதுவும் அத்தகையதே. இலை நரம்பினுள் நீரைக் கொண்டு செல்லும் குழாய்களின் உட்சுவரில் சுருள் வடிவான தடிப்புகள் உள்ளன. இலை கிழியும்போது அச்சுருள்கள் அறாமல் நீள்கின்றன.

இவற்றுள் ஒன்றை மட்டும் நம்பி முடிவு செய்யலாமா? கூடாது. கார்னஸ் ஆல்டர்னிபோலியா என்னும் டாக்வுட் மாற்றிலை அமைவு உடையது. ஆசியாவிலும் அத்தகைய இனம் ஒன்று உண்டு. எதிரிலை இல்லையே என்று இவற்றைத் தள்ளிவிட்டால் குலத்தின் பிள்ளைகளைக் குலத்தினின்று நீக்கியவர் ஆவோம். வளைந்த நரம்பும், அறாத இழையும் அவற்றின் உறவை உறுதி செய்கின்றன. மறுதலையாக, விபர்னம் என்னும் புதர்ச்செடி எதிரிலை உடையது; அதன் பூங்கொத்தும் டாக்வுட்டின் கொத்தை ஒத்திருக்கும். ஆயினும் அதன் இனங்கள் பலவற்றில் இலை விளிம்பு பற்கள் உடையது. எதிரிலை கண்டவுடன் அதனை டாக்வுட் என்று கூறுதல் பிழையாகும்.

மலர் போன்று தோன்றும் இலைகள்

இனி, எல்லார் கண்ணையும் கவரும் வெண்மலருக்கு வருவோம். கிழக்கு அமெரிக்க டாக்வுட்டில், அதாவது கார்னஸ் புளோரிடாவில், நான்கு பெரிய வெண்ணிற இதழ்கள் உள்ளன என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அவை இதழ்கள் அல்ல; நிறம் மாறிய இலைகள். பூவின் அடியில் அமையும் இத்தகைய இலைகளைப் பூவடிச் செதில் என்பர். நம் வீட்டு முற்றத்தில் வளரும் காகிதப்பூவில் சிவப்பாகத் தோன்றுவனவும் பூவடிச் செதில்களே. நடுவே சிறு குழல் போல இருப்பதே பூ.

டாக்வுட்டிலும் அவ்வாறே. நான்கு செதில்களின் நடுவே, பசுமை கலந்த மஞ்சள் நிறத்தில் ஒரு பொத்தான் போலத் திரண்டிருப்பது சிறு பூக்களின் கூட்டம். ஒவ்வொரு பூவிலும் புல்லி நான்கு, அல்லி நான்கு, மகரந்தத்தாள் நான்கு. சூலகம் அவற்றிற்குக் கீழே அமைந்திருக்கும். கடுகளவினவாகிய இப்பூக்களைத் தேடி வண்டும் ஈயும் வருவதற்கு அச்செதில்கள் வரவேற்புக் கொடியாக விளங்குகின்றன. ஆயினும் குலத்தை அறிதற்குக் கொடி உதவாது. கொடியற்ற டாக்வுட் இனங்களும் பல உள. நான்கு நான்காக அமைந்த அச்சிறு பூவே குலத்தின் பொது அடையாளம்.

நான்கு பிரிவுகள்

செதிலின் தன்மையையும் கனியின் தன்மையையும் கொண்டு டாக்வுட் குலத்தை நான்கு பிரிவுகளாகக் காணலாம். மரபணுக்களை ஒப்பிட்ட அண்மைக்கால ஆராய்ச்சியும் இப்பிரிவுகளை உறுதி செய்துள்ளது.

பெரிய செதில்களை உடையவை முதற் பிரிவு. கார்னஸ் புளோரிடாவும், கார்னஸ் நட்டாலியும், ஜப்பான், கொரியா, சீனம் ஆகிய நாடுகளில் வளரும் கார்னஸ் கௌசாவும் இதன்பாற்படும். புளோரிடாவும் கௌசாவும் மிகவும் ஒத்திருப்பன. அவற்றைப் பிரித்தறியும் வழி இது: புளோரிடா, இலைகள் முழுதும் விரியும் முன்னரே பூக்கும், கௌசா இலை விட்டபின், ஏறத்தாழ ஒரு திங்கள் கழித்துப் பூக்கும். புளோரிடாவின் செதில் நுனியில் பள்ளம் உண்டு. கௌசாவின் செதில் கூர்மையானது. புளோரிடாவின் சிவந்த கனிகள் ஒரு கொத்தில் தனித்தனியே இருக்கும், அவை கசப்பானவை. கௌசாவின் கனிகளோ ஒன்றோடொன்று இணைந்து ஒரே உருண்டையாகத் திரண்டு, உண்ணத் தகுந்தனவாக இருக்கும். பூவும் இலையும் கனியும் அற்ற பனிக்காலத்திலும் பட்டையைக் கொண்டு அறியலாம். புளோரிடாவின் முதிர்ந்த பட்டை முதலைத் தோல் போலச் சிறு சிறு கட்டங்களாக வெடித்திருக்கும். கௌசாவின் பட்டை செதில் செதிலாக உரிந்து பல நிறம் காட்டும்.

இரண்டாம் பிரிவு குறுஞ்செடிகள். கனடாவின் குளிர்ந்த காடுகளில் தரையை மூடி வளரும் கார்னஸ் கனடென்சிஸ் ஒரு சாண் உயரமே உள்ளது. எனினும் அதற்கும் நான்கு வெண்செதில்கள் உண்டு. பெரிய மரத்தின் மலரைக் கிள்ளித் தரையில் வைத்தாற்போல அது தோன்றும். அதன் சிறு பூ அரை மில்லி விநாடிக்குள், அதாவது ஒரு விநாடியை இரண்டாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூற்றுக்குள், வெடித்து விரிந்து மகரந்தத்தை மேலே எறிகிறது என்று 2005இல் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர்.

மூன்றாம் பிரிவு, ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வளரும் கார்னஸ் மாஸ் முதலியவை. பனிக்காலம் முடியும் தறுவாயில், இலை விடும் முன்னரே, சிறு மஞ்சள் பூக்கள் கிளையை மூடும். இதன் சிவந்த கனி புளிப்புச் சுவை உடையது. கனிப்பாகு செய்வதற்குப் பயன்படுவது.

நான்காம் பிரிவில் கவர்ச்சியான செதில்கள் இல்லை. சிறு வெண்பூக்கள் குடை போல விரிந்த கொத்தாக அமையும். கனிகள் வெண்மை, நீலம் அல்லது கருமை நிறம் பெறும். நீரோரங்களில் புதராக வளரும் கார்னஸ் செரிசியா இப்பிரிவினது. இலையுதிர்ந்த காலத்தில் அதன் கிளைகள் செக்கச்செவேலென்று பனியின் நடுவே ஒளிரும். மாற்றிலை உடைய கார்னஸ் ஆல்டர்னிபோலியாவும் இப்பிரிவினதே. அதன் கிளைகள் அடுக்கடுக்காக விரிந்து, பல நிலை கொண்ட கோபுரம் போலத் தோன்றும்.

அறிவு உயிர் காத்த கதை

மாணவர்களே, மரங்களை இவ்வாறு நுணுகிப் பிரித்தறிவதால் யாது பயன் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம்.

1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கிழக்கிலும் மேற்கிலும் டாக்வுட் மரங்களை ஒரு கொடிய பூஞ்சை நோய் பற்றியது. முதலில் இலையில் ஊதா விளிம்புடைய புள்ளிகள் தோன்றும். பின்னர்க் கீழ்க் கிளைகள் காயும். நாளடைவில் நோய் அடிமரத்தை அடைந்து மரத்தையே கொல்லும். மேரிலாந்து மாநிலத்தில் கடாக்டின் மலைப் பூங்கா என்னும் காடு உள்ளது. 1984இல் அங்குள்ள டாக்வுட் மரங்களை ஆராய்ந்தபோது அவற்றுள் மூன்றில் ஒரு பங்கு இறந்திருந்தன. நோயற்றவை நூற்றுக்கு மூன்றே. 1988இல் மீண்டும் ஆராய்ந்தனர். அப்பொழுது நூற்றுக்கு எண்பத்தொன்பது மரங்கள் இறந்துவிட்டன.

அழகிய மலர் ஒன்று காட்டினின்று மறைவதோடு இவ்விழப்பு முடிவதில்லை. டாக்வுட் இலையில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அது உதிர்ந்து விரைவில் மக்கி மண்ணை வளப்படுத்துகிறது. அதன் கனியில் கொழுப்பு மிகுதி. இலையுதிர் காலத்தில் தென்திசை நோக்கி நெடுந்தொலைவு பறக்கும் பறவைகளுக்கு அக்கனியே வழிச்சோறு. ஆகவே மரம் அழிந்தால் மண்ணும் மெலியும், பறவையும் பசித்திருக்கும்.

அந்நிலையில் பிரித்தறியும் அறிவு கைகொடுத்தது. நோய்க்கு எளிதில் இரையாகின்றவை புளோரிடாவும் நட்டாலியும். கௌசாவோ பெரும்பாலும் நோயைத் தாங்கி நிற்கிறது. இவ்வேற்றுமையை அறிந்த ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் எல்வின் ஆர்ட்டன், புளோரிடாவையும் கௌசாவையும் கலந்து நோயை எதிர்க்கும் கலப்பு மரங்களை உருவாக்கினார். இறந்த மரங்கள் நிறைந்த கடாக்டின் காட்டிலேயே நோய் தீண்டாது நின்ற ஒரு புளோரிடா மரத்தையும் ஆராய்ச்சியாளர் கண்டனர். டென்னசி பல்கலைக்கழகத்தார் அதன் கிளைகளைக் கொண்டு புதிய கன்றுகளைப் பெருக்கினர். அக்கன்றுகளுக்கு 'அப்பலாச்சியன் ஸ்பிரிங்' என்று பெயர். அப்பலாச்சிய மலையின் இளவேனில் என்பது அதன் பொருள். எல்லா மரமும் ஒன்றே என்று அவர்கள் கடந்து சென்றிருப்பின் அந்த ஒரு மரம் கண்ணில் பட்டிராது.

நம் நாட்டில் உள்ள சுற்றம்

டாக்வுட் குலம் முற்றிலும் அயல்நாட்டது என்று எண்ண வேண்டா. இமயமலைச் சாரலில் கார்னஸ் கேபிடாட்டா என்னும் இனம் வளர்கிறது. அதன் செதில்கள் வெளிர்மஞ்சள் நிறத்தன. கனி கௌசாவின் கனி போலத் திரண்டு சிவந்திருக்கும்.

தமிழ்நாட்டிலும் இக்குலத்தின் உறவினர் ஒருவர் உண்டு. அவரே அழிஞ்சில் மரம்! வறண்ட காடுகளிலும் ஊர்ப்புறங்களிலும் வளரும் அழிஞ்சிலைப் பலர் கண்டிருப்பர். கிளை நுனிகள் முள்ளாக மாறியிருக்கும். வேனில் தொடங்கும்போது நறுமணம் கமழும் வெண்பூக்கள் மலரும். அவற்றின் குறுகிய நீண்ட இதழ்கள் பின்புறமாகச் சுருண்டிருக்கும். செடிநூலார் இதனை ஆலஞ்சியம் என்பர். மலையாள மொழியில் இம்மரத்திற்கு வழங்கிய பெயரிலிருந்தே அச்சொல் பிறந்தது. இலைகள் மாற்றிலை அமைவு உடையவை. பெரிய செதில்களும் இல்லை. ஆதலால் முற்காலத்தில் இதனைத் தனிக் குடும்பமாக வைத்தனர். ஆயினும் சூலகம் கீழே அமைதலும், கொட்டையுடைய சதைக்கனியும் டாக்வுட்டை நினைவூட்டுவன. மரபணு ஆராய்ச்சி இவ்வுறவை உறுதி செய்தது. இன்று ஆலஞ்சியமும் கார்னஸும் ஒரே குடும்பத்தின் இரு கிளைகளாக வைத்து எண்ணப்படுகின்றன. விர்ஜீனியாக் காட்டில் வெண்முகில் போலப் பூக்கும் மரத்திற்கும், நம் ஊர் எல்லையில் முள்ளோடு நிற்கும் அழிஞ்சிலுக்கும் உறவு உண்டு என்பதை எண்ணுந்தோறும் வியப்பு மிகுகிறது.

முடிவுரை

பெயர் ஏமாற்றும், நிறம் ஏமாற்றும், பூ என்று தோன்றுவதே இலையாக இருத்தலும் கூடும். இலை அமைவு, நரம்பு, பூ, கனி, பட்டை ஆகிய அனைத்தையும் பொறுமையோடு நோக்கி, அவை ஒருமித்துக் கூறுவதைக் கேட்பவனே மரத்தை அறிவான். அறிந்தவனே அதற்கு இடர் வரும்போது காக்கவும் வல்லவன். நாமும் நாள்தோறும் கடந்து செல்லும் மரங்களின்முன் சிறிது நேரம் நின்று நோக்கப் பழகுவோமாக.

பயிற்சி

1. டாக்வுட் இலையின் நான்கு அடையாளங்கள் யாவை?
2. டேவிட் டக்ளஸ் செய்த பிழை யாது? அம்மரம் வேறோர் இனம் என்று உணர்ந்தவர் யார்?
3. பூவடிச் செதில் என்பது யாது? எடுத்துக்காட்டுத் தருக.
4. கார்னஸ் புளோரிடாவையும் கார்னஸ் கௌசாவையும் எவ்வாறு பிரித்தறியலாம்?
5. டாக்வுட் மரம் அழிவதால் மண்ணுக்கும் பறவைகளுக்கும் நேரும் இழப்பை விளக்குக.
6. உங்கள் ஊரிலுள்ள ஐந்து மரங்களின் இலைகளைத் திரட்டி, எதிரிலை அமைவு உடையவை, மாற்றிலை அமைவு உடையவை என வகைப்படுத்துக. ஒவ்வொன்றின் விளிம்பையும் நரம்பையும் நோக்கி எழுதுக.